பிர்குவா, றபாத்தா: வாடகைக்கு இருப்பவனின் கணக்கு

வீட்டுக்காரரின் பதிவுத் தபால் வந்த அன்று நான் இரவு வேலை முடித்துப் படுத்திருந்தேன். மனுசி கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமலே மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிட்டா. பிரிக்கத் தேவையும் இல்லை. மோல்டாவில் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விருப்பமில்லாத வீட்டுக்காரர், முடிவுத் திகதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முதல் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருசம் நீளும். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அப்படிச் சொல்லுது. ஆகவே வீட்டுக்காரரிடமிருந்து பதிவுத் தபால் வந்தால் உள்ளுக்குள்ள என்ன இருக்கும் எண்டு இங்க எல்லாருக்கும் தெரியும். சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விடப்போறாராம். விடட்டும், அவருடைய வீடு.

இரண்டு வருசமா நாங்கள் சென்ற் போல்ஸ் பேயில் இன்னொரு சோடியோடு ஒரு ஃப்ளாட்டைப் பங்குபோட்டு இருக்கிறம். 2021 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டிலேயே ஆகக் கூடுதலான ஆக்கள் இருக்கிற ஊர் அதுதான்: 32,000 பேர். கடற்கரையில் ஹோட்டல்கள், அவற்றுக்குப் பின்னால் அந்த ஹோட்டல்களில் வேலை செய்யிற எங்களைப் போன்றவர்கள். எங்கட மாடிப்படியில் நேபாளி கேட்கும், ஹிந்தி கேட்கும், செர்பியன் கேட்கும். மால்டீஸ் மொழி மட்டும் கேட்காது. தனியாக இருக்கும்வரை அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஆனால் இந்த முறை வீடு தேடுறது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் இல்லை. திருகோணமலையில் அம்மம்மாவோடு இருக்கிற ஆறு வயது மகளைக் கூப்பிட விண்ணப்பம் போடப்போறம். அதுக்கு எங்கட பெயரில் ஒரு தனி வீடும், முறைப்படி பதிவுசெய்த ஒப்பந்தமும் வேணும். பிள்ளை வந்தால் பள்ளிக்கூடம் வேணும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் இங்க பெரும்பாலும் தங்கட ஊர் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவினம். வீட்டைத் தெரிவுசெய்யும்போதே அவளுடைய முதல் கூட்டாளிகளையும் தெரிவுசெய்யிறம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

தேடித் தேடி இரண்டு வீட்டில் வந்து நிக்கிறம். ஒன்று பிர்குவில், மற்றது றபாத்தில். இரண்டும் பழைய ஊர்கள். இரண்டும் பழைய கல்வீடுகள். வாடகையும் ஏறக்குறைய ஒண்டுதான், ஒப்பந்தத்தைப் பதிவுசெய்ய இரண்டு வீட்டுக்காரரும் சம்மதம். என்னுடைய முடிவை முதலே சொல்லிவிடுறன்: எனக்குப் பிடித்த ஊர் பிர்கு, நாங்கள் குடிபோக வேண்டிய ஊர் றபாத். ஏன் எண்டு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும்தான்.

இந்தக் கேள்வி புதிசு இல்லை. சென்ற் ஜோன் சபையின் போர்வீரர்கள் றோட்ஸ் தீவை ஒட்டோமான்களிடம் பறிகொடுத்து, நிரந்தர இடம் இல்லாமல் ஏழு வருசத்துக்கு மேல் அலைந்து, ஐந்தாம் சார்ல்ஸ் பேரரசர் கொடுத்த இந்தத் தீவில் 1530இல் வந்து இறங்கினபோது அவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே தெரிவுதான் இருந்தது. அப்போதைய தலைநகரம் இம்தினா. தீவின் உள்ளே, மேட்டில், மதில்களுக்குள் இருக்கிற ஊர். அதன் வாசலுக்கு வெளியே ஒட்டிக் கிடக்கிறதுதான் றபாத். மற்றப் பக்கம், பெரிய துறைமுகத்தின் கரையில், ஒரு கோட்டையும் அதன் காலடியில் ஒரு சின்ன ஊரும்: அதுதான் பிர்கு. வந்தவர்களுக்குக் கப்பல்தான் சீவியம், அதனால் பிர்குவை எடுத்தார்கள். உள்ளூர்ப் பிரபுக்கள் இம்தினாவிலேயே இருந்துகொண்டார்கள். 1565இல் ஒட்டோமான் படை ஏறக்குறைய நாலு மாதம் முற்றுகையிட்டும் பிர்கு விழவில்லை. அதிலிருந்து அதற்கு 'வித்தோரியோசா', வெற்றி பெற்ற நகரம், என்றும் பெயர். வரைபடங்களில் இரண்டு பெயரும் இருக்கும், ஆக்கள் சொல்லுறது பிர்கு எண்டுதான். வென்ற கையோடு 1566இல் எதிர்க்கரையில் வலெட்டாவுக்கு அத்திவாரம் போட்டு, 1571இல் அங்க மாறிவிட்டார்கள். நாற்பத்தொரு வருசம் இருந்த இடத்தை விட்டு அவர்கள் மாறினார்கள், நாங்கள் ஒரு வருச ஒப்பந்தத்துக்கு மூன்று கிழமையாக நித்திரை இல்லாமல் யோசிக்கிறம்.

நான் வேலை செய்யிறது வலெட்டாவில், ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில். சிகரெட் பிடிக்கிறவர்கள் போய் நிற்கிற மூலையிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு அங்கால பிர்குவின் கோட்டையும் தேவாலயக் கோபுரமும் தெரியும். நான் சிகரெட் பிடிக்கிறதில்லை, ஆனாலும் போய் நிப்பன். பின்னேரம் அந்தக் கல் எல்லாம் தேன் நிறத்துக்கு வரும். வலெட்டாவின் அடியிலிருந்து படகு ஏறினால் பத்து நிமிசத்துக்குள் அக்கரை. கைத்துடுப்பு போட்ட காலத்து வடிவத்திலேயே இருக்கிற சின்ன 'தைசா' வள்ளங்களும் ஓடும், இப்ப அவற்றுக்கு மோட்டார். பிர்குவில் வீடு எடுத்தால் என்னுடைய போக்குவரத்துப் பிரச்சினை முழுக்கத் தீர்ந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேணும்.

திருகோணமலையில் பிறந்த ஒருவன் இந்தத் துறைமுகத்தைப் பார்த்து ஒண்டும் தோன்றாமல் இருக்க ஏலாது. இரண்டும் ஆழமான இயற்கைத் துறைமுகங்கள். இரண்டையும் பிரித்தானியக் கடற்படை தன்னுடைய தளமாக வைத்திருந்தது. எங்கட தளத்தை 1957இல் விட்டுக்கொடுத்தார்கள். இங்கிருந்து கடைசியாகப் போனது 1979 மார்ச் 31இல். அதற்கான நினைவுச்சின்னம் பிர்குவின் கரையில்தான் இருக்கு: ஒரு மோல்டாக்காரத் தொழிலாளி பிரித்தானிய மாலுமிக்குக் கைகொடுத்து வழியனுப்புற மாதிரி வெண்கலச் சிலைகள். இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் யாரோ ஒருவராவது கப்பல்பட்டறையிலோ கடற்படையிலோ வேலை செய்திருப்பார்.

கரையோரக் கோப்பிக் கடை ஒன்றில் ஒரு கிழவர் நான் எந்த நாடு எண்டு கேட்டார், பிறகு எந்த ஊர் எண்டு கேட்டார். சொன்னன். "ட்ரிங்கோ!" எண்டார். அவருடைய தகப்பன் கப்பலில் ஸ்டூவர்டாக இருந்தவராம், அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தாராம். இரண்டு வருசத்தில் என்னுடைய ஊரின் பெயரை எனக்குத் திருப்பிச் சொன்ன முதல் மோல்டாக்காரர் அவர். பிர்கு எனக்குப் பிடிச்சுப்போனதில் பாதி அந்த ஒரு சொல்லில் நடந்தது. அதை வைத்து வீடு எடுக்கலாமா எண்டது வேற கதை.

இங்க ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக விருப்பமில்லை. பிர்குவில் வீடு பார்க்கிறன் எண்டு வேலையிடத்தில் சொன்னபோது மோல்டாக்காரர் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். "பிள்ளையோட கொட்டொனேராவுக்கா?" பிர்கு, பொர்ம்லா, இஸ்லா என்ற மூன்று நகரும் சேர்ந்த பகுதிக்குக் கொட்டொனேரா எண்டு பெயர். கப்பல்பட்டறைத் தொழிலாளர்களின் இடம். 1941 ஜனவரியில் 'இலஸ்ட்ரியஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் திருத்தத்துக்காக இங்க வந்து நின்றபோது, அதைக் குறிவைத்து விழுந்த குண்டுகளில் இந்த மூன்று நகரும் நொறுங்கியது. போருக்குப் பிறகு வசதியானவர்களில் கன பேர் திரும்பி வரவில்லை. அரசாங்கக் கப்பல்பட்டறையும் 2010இல் மூடப்பட்டது. ஒரு இடத்தில் வேலையைப் பறித்துவிட்டு, பிறகு அந்த இடத்து ஆக்களைப் பார்த்து 'அவங்கள் அப்படித்தான்' எண்டு சொல்லுறது எந்த நாட்டிலும் நடக்கிறதுதான். கொழும்பில் முகவரி சொன்னவுடன் எதிரில் இருப்பவரின் முகம் மாறுறதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நாலு தரம் நாலு நேரத்தில் போய்ப் பார்த்தன். ஒழுங்கையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாக்கள்தான் எங்களுக்கு வழி சொன்னவர்கள், தண்ணி தரவா எண்டு கேட்டவர்கள். ஆகவே பிர்கு வேண்டாம் என்கிற என்னுடைய முடிவுக்கும் அந்த முகச்சுளிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

காரணம் வேற. ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குப் போனம். கரையில் பெரிய பெரிய உல்லாசப் படகுகள், ஒவ்வொன்றும் எங்கட வீட்டுக் குறிச்சி அளவு. அவற்றுக்கு முன்னால் வெளிச்சமான ரெஸ்டோரன்ட்கள். படியேறி ஊருக்குள்ளே போனால் இருட்டு. வீடு இருக்கிற ஒழுங்கையில் பத்துக் கதவு. அதில் நாலு கதவின் பக்கத்தில் சின்ன இரும்புப் பெட்டி, இலக்கம் அழுத்தித் திறக்கிறது, சுற்றுலாக்காரருக்குத் திறப்பு வைக்கிற பெட்டி. இன்னும் இரண்டு கதவில் பூட்டுத் துருப்பிடிச்சிருந்தது. மிச்சம் நாலு வீட்டில்தான் ஆக்கள் இருக்கினம். பிர்குவின் முழுச் சனத்தொகையே மூவாயிரம் வராது. அவ்வளவு சின்ன ஊரில் ஒழுங்கைக்கு நாலு வீடு இப்படிப் போனால் கடை எப்படி நிற்கும்? காலையில் பாணும் மரக்கறியும் யார் கொண்டுவந்து விப்பினம்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எங்கேயிருந்து வருவினம்?

இது எங்க போய் முடியும் எண்டு பார்க்க வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. இம்தினாவுக்குப் போனால் காணும். அவ்வளவு வடிவான ஊர், மதிலுக்குள் முந்நூறு பேர்கூட இல்லை. பகலில் ஆயிரக்கணக்கில் வந்து படம் எடுத்துப் போவினம். 'அமைதி நகரம்' எண்டு அதுக்கு விளம்பரப் பெயர் வேற. ஆக்கள் இல்லாட்டி அமைதியாகத்தானே இருக்கும். பிர்கு அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை, அதன் ஆக்கள் லேசில விடவும் மாட்டினம். ஆனால் அந்தச் சண்டையின் நடுவில் ஆறு வயசுப் பிள்ளையைக் கொண்டுபோய் இறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

இன்னொன்றும் இருக்கு: வீடு. இந்த நாட்டுப் பழைய வீடெல்லாம் 'ஃப்ரான்கா' எண்டு சொல்லுற மஞ்சள் சுண்ணக்கல். வெட்ட லேசான, மெதுவான கல். தண்ணியைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். கோடையில் குளிர்ச்சி எண்டு எல்லாரும் சொல்லுவினம். மாரியில் என்ன நடக்கும் எண்டு ஒருவரும் சொல்ல மாட்டினம். மாரியில் வெளியில் நிற்கிறதைவிட வீட்டுக்குள் குளிரும், நிலத்திலிருந்து ஈரம் சுவரில் ஏறும், உப்புப் பூத்து சுண்ணாம்பு பொடிப்பொடியாக விழும். நான் பிர்கு வீட்டின் ஜன்னலைத் திறந்து துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியுது எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு நிண்ட நேரம், மனுசி கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தா. எடுத்துக் காட்டினா. கை முழுக்க வெள்ளைத் தூள். "இஞ்சேருங்கோ, இவளுக்கு இழுப்பு இருக்கு" எண்டு மட்டும் சொன்னா. கூட வந்த புறோக்கர், பழைய வீட்டின் 'கரக்டர்' அது எண்டு சொல்லிச் சிரித்தார்.

வீடு மூன்று தட்டு. ஒரு அறைக்கு மேல் ஒரு அறை, இடையில் சுழல்படி. குசினி கீழே, படுக்கை மேலே, கக்கூஸ் நடுவில். புதுசாகக் கல்யாணம் கட்டினவர்களுக்கு நல்ல வீடு.

பாரம்பரிய ஊர்களில் குடியேறுவது பற்றி எழுதப்படுகிறதெல்லாம் பெரும்பாலும் வாங்குறவர்களுக்காகவே எழுதப்படுது என்பது எனக்கு அப்பதான் விளங்கினது. மரத்தால் அடைச்ச பல்கனி, கல் வளைவு, முற்றம், கூரையில் இருந்து காட்சி. வாங்குறவருக்கு அது சரி. அவர் சுவரைச் சுரண்டிப் பூசலாம், பழைய வீட்டைத் திருத்துகிறவருக்கு அரசாங்கத்தின் வரிச் சலுகைகளும் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில் இருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் சில குறிப்பிட்ட திட்டங்களுக்கு வெளியே வீடு வாங்குறதெண்டால் தனியான அனுமதிப் பத்திரம் வேணும். அனுமதி இருந்தாலும் காசு எங்க? வாடகைக்கு இருப்பவர் ஒரு ஆணி அடிக்கவும் கேட்க வேணும். சட்டம் எங்களுக்குச் சிலது செய்திருக்கு: ஒப்பந்தம் குறைந்தது ஒரு வருசம், வீடமைப்பு அதிகாரசபையில் பதிய வேணும், ஒப்பந்த காலத்துக்குள் வாடகையை வருசத்துக்கு 5 வீதத்துக்கு மேல் ஏற்ற ஏலாது. நல்லது. ஆனால் சுவர் ஈரத்தைப் பற்றி எங்களால் ஒண்டும் செய்ய ஏலாது. உள்ளுக்க மாற்ற ஏலாதவன் வெளியில் என்ன இருக்கு எண்டுதான் கூடப் பார்க்க வேணும்.

பிர்குவிலும் றபாத்திலும் நாங்கள் ஒரே பரீட்சையைத்தான் வைத்தம். காலை ஏழு மணி, வீட்டு வாசலில் இருந்து நடக்க வேணும், ஐந்து நிமிசத்துக்குள் பாண், மரக்கறி, பாமசி, பள்ளிக்கூடம், பஸ். பிர்குவில் பஸ்ஸும் பாணும் கிடைத்தது. மற்றதுக்குப் படி ஏறி இறங்கி, சிலதுக்குப் பொர்ம்லா வரைக்கும் போக வேண்டியிருந்தது. றபாத்தில் ஐந்தும் கிடைத்தது, மேலதிகமாக ஒரு சப்பாத்துத் தைக்கிற கடையும் கிடைத்தது. எந்த ஊரில் இன்னும் ஒரு ஆள் சப்பாத்துத் தைத்துப் பிழைக்கிறாரோ அங்க நடந்து திரியிற ஆக்கள் இருக்கினம் எண்டு அர்த்தம்.

றபாத் என்ற சொல்லே அரபியில் இருந்து வந்தது, புறநகர் எண்டு பொருள். றோமர் காலத்தில் 'மெலித்தே' என்ற ஒரே நகரமாக இருந்ததை, அரபு ஆட்சியில் சுருக்கி மதில் கட்டி இம்தினா ஆக்கினபோது வெளியில் விடுபட்ட பகுதி. வெளியில் விடுபட்டதுதான் இன்றைக்கு உயிரோடு இருக்கு. பதினோராயிரம் பேருக்கு மேல். நிலத்துக்குக் கீழே சென்ற் போல் கல்லறைச் சுரங்கங்கள், சின்னப்பர் தங்கினதாக நம்பப்படுகிற குகை, 1881இல் கண்டெடுத்த றோமர் வீடு. 2022இல் போப்பரசர் பிரான்சிஸ் அந்தக் குகைக்கு வந்தார். சுற்றுலாக்காரர் இதையெல்லாம் பார்க்க வருவினம், பார்ப்பினம், பின்னேரம் பஸ் ஏறிப் போயிடுவினம். பிறகு சதுக்கம் திரும்பவும் ஊருக்குச் சொந்தம். பேண்ட் கிளப் வாசலில் கிழவர்கள், சுவரில் ஏறி நிற்கிற பெடியள், தேவாலயத்தில் இருந்து வெளியில் வருகிற பொம்பிளையள். இம்தினா வாசலுக்குக் கிட்ட இருக்கிற சின்னக் கடையில் பட்டாணிக் கடலை வைத்த 'பஸ்தித்சி' வாங்கினால், அது எங்கட பற்றிஸுக்குத் தூரத்துச் சொந்தம். மனுசி மூன்று சாப்பிட்டா.

ஊரைச் சுற்றி வயல். மோல்டாவில் பச்சை பார்க்கிறதே பாக்கியம். கோடையில் எல்லாம் காய்ந்துபோகும், ஆனால் றபாத் பக்கம் ஊற்றுகள் இருப்பதால் அங்கயிங்க தோட்டம் தாக்குப்பிடிக்கும். ஜூன் 29இல் இம்னார்யா பெருநாள். பக்கத்து புஸ்கெத் தோப்பில் முயல் கறியும் 'ஆனா' எண்டு சொல்லுற நாட்டுப்பாட்டும், சாய்வான தெருவில் குதிரையும் கழுதையும் ஓட்டப்பந்தயம். சுற்றுலாவுக்காகத் தொடங்கினது இல்லை, நூற்றாண்டுகளாக நடக்கிறது.

குறை இல்லையா? நிறைய இருக்கு. மேட்டுநிலம், மாரியில் காற்று எலும்பைத் தொடும், சில நாள் புகார் இறங்கி முன்வீடு தெரியாது. இந்த வீட்டிலும் ஈரம் இருக்கு, பிர்கு அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். குசினி இருட்டு. றபாத் ஆக்கள் முதல் நாளே சிரிக்க மாட்டினம். வீடு பார்த்துக்கொண்டு நிற்கும்போது எதிர்வீட்டு அம்மா கதவை ஒரு சாண் திறந்து மூன்று கேள்வி கேட்டா: யார் வீட்டுக்கு வாறீங்கள், எத்தனை பேர் இருப்பீங்கள், பிள்ளை இருக்கா? முதல் இரண்டு கேள்விக்கும் முகம் அப்படியே இருந்தது. ஒரு மகள், ஆறு வயது எண்டு மனுசி சொன்னவுடன் கதவு மிச்சமும் திறந்தது. ஒரு அறைக்குள் எட்டுப் பேர் வந்து இருப்பினமோ எண்டு பயந்திருப்பா. அந்தப் பயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 2021இலேயே ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவராக இருந்த நாட்டில், வீட்டுக்காரர்கள் தலைக்கு இவ்வளவு எண்டு கட்டில் வாடகை வாங்குற நாட்டில், அது எங்கேயிருந்து வந்தது எண்டும் தெரியும்.

மிகப் பெரிய குறை எனக்குத்தான். மனுசி வேலை செய்யிற முதியோர் இல்லம் றபாத்திலிருந்து பதினைந்து நிமிச நடை. எனக்கு வலெட்டா. 51, 52, 53 இலக்க பஸ்கள் ஓடுது, 2022 ஒக்டோபரில் இருந்து அட்டை வைத்திருக்கிறவர்களுக்குப் பஸ் இலவசம். ஆனால் இந்தச் சின்ன நாட்டில் நாலு இலட்சத்துக்கு மேல் வாகனம். நெரிசலில் முக்கால் மணித்தியாலம் போகும், சில நாள் கூட. 1883இல் இருந்து 1931 வரைக்கும் வலெட்டாவுக்கும் இம்தினாவுக்கும் இடையில் ரயில் ஓடினது எண்டு வாசிச்சபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. குசினி மூட நடுச்சாமம் ஆகிற நாட்களில் பஸ்ஸை நம்ப ஏலாது. பழைய ஸ்கூட்டர் ஒண்டு வாங்க வேணும், அல்லது பக்கத்து ஊருக்குப் போகிற தோழனின் காரில் எண்ணெய்க் காசு பங்குபோட வேணும். பிர்குவில் இருந்தால் இந்த ஒரு பத்தியே தேவையில்லை.

பெருநாள் வெடியைப் பற்றியும் கேட்பீங்கள். அதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை. பிர்குவில் ஓகஸ்ட் 10, லோறன்ஸ் புனிதரின் சுருவத்தைத் தூக்கி வருவினம். றபாத்தில் மார்ச் 19 சூசையப்பர், ஜூலையில் சின்னப்பர். காலையிலேயே வெடி தொடங்கும். இரவு வேலை செய்யிறவனுக்கு எந்த ஊரிலும் மோட்சம் இல்லை.

அப்ப ஏன் பழைய ஊர்தான் வேணும், சென்ற் போல்ஸ் பேயிலேயே இன்னொரு ஃப்ளாட் பார்க்கலாமே எண்டு எங்களோடு இருக்கிற சோடி கேட்டார்கள். நியாயமான கேள்வி. அங்க எங்கட ஆக்கள் கிட்ட, மளிகைக் கடையில் கறித்தூள் கிடைக்கும். என்னுடைய பதில் மொழி. மால்டீஸ், அரபியின் வழியில் வந்து, இத்தாலியச் சொற்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, ரோமன் எழுத்தில் எழுதப்படுகிற ஒரு மொழி. ஆங்கிலமும் அரச கருமமொழி என்பதால் அது தெரியாமலே பத்து வருசம் இருந்துவிடலாம். நான் அப்படித்தான் இருக்கிறன், இரண்டு வருசத்தில் 'நன்றி'யும் 'வெங்காயமும்' தெரியும். பெரியவர்களுக்கு அது காணும். ஆனால் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் தங்களுக்குள் கதைக்கிற மொழி விளங்காமல் ஒரு பிள்ளை மூலையில் இருக்கிறது எப்படி எண்டு எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்து போன ஒரு பள்ளிக்கூடத்தில், வேற மொழிப் பிள்ளைகளுக்கு நடுவில், ஒரு தவணை முழுக்க அப்படி இருந்திருக்கிறன். பிர்குவிலும் றபாத்திலும் தெருவில் மால்டீஸ்தான். விளையாட ஆக்கள் இருந்தால் ஆறு மாதத்தில் பிடிச்சிடுவா. விளையாட ஆக்கள் எந்த ஊரில் கூட இருக்கினம் எண்டுதான் மிச்சக் கேள்வி, அதுக்கு விடை சதுக்கத்தில் சுவரில் ஏறி நிண்ட பெடியள்.

போன சனிக்கிழமை றபாத் வீட்டுக்காரம்மாவுக்கு ஓம் எண்டு சொன்னம். இரண்டு கதவு தள்ளித்தான் அவவும் இருக்கிறா, அறுபத்தைந்து எழுபது வயது இருக்கும். முற்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடம் செப்டெம்பர் கடைசியில் தொடங்கும், பிள்ளை அதுக்கு முதல் வந்திடுமா எண்டு கேட்டா. பேப்பர் சரிவந்தால் வரும் எண்டன். "பேப்பர்" எண்டு அவவும் திருப்பிச் சொல்லிப் பெருமூச்சு விட்டா. மனுசி முற்றத்தில் கொடி கட்ட இடம் பார்த்துக்கொண்டு நிண்டா.

அன்றிரவு மகளுக்கு வீடியோவில் வீட்டைக் காட்டினம். முற்றத்தைப் பார்த்தா, மூலையில் இருக்கிற கிணற்று மூடியைப் பார்த்தா, அறையைப் பார்த்தா. பிறகு, "அப்பா, அங்கயிருந்து கடல் தெரியுமா?" எண்டு கேட்டா.

வீட்டிலிருந்து தெரியாது எண்டன். மேல அந்தப் பழைய மதிலில் ஏறி நிண்டால் தூரத்தில் கொஞ்சம் தெரியும்.